வருமானம் குறைந்தமைக்கு எழுத்தாளர்களிடம் விளக்கம் கோருதல் – தொடர்பாக

ஒரு நிறுவனம் என்று இருந்தால் அதன் வருமானம் ஏறும், இறங்கும். ஏறினால் அதற்குக் காரணம் நிர்வாகம். இறங்கினால் அதற்குக் காரணமானவரைக் கண்டுபிடிக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது என்று நினைக்கிறேன். இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

என் பெயர் கிளமெண்ட். முப்பத்து மூன்று வருடம் மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவன். சுற்றறிக்கை, நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, விளக்கம் கோரும் குறிப்பாணை என்று நான் எழுதாத தாள் கிடையாது. ஓய்வு பெற்று மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். நாலாவது மாதம் என் மனைவி ஐரின் சொன்னாள்: “குழம்புல உப்பு கம்மின்னு எனக்கே மெமோ எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுறீங்க. புண்ணியமாப் போகும், எங்கிட்டாச்சும் வேலைக்குப் போங்க.”

அப்படித்தான் ஒத்தக்கடையில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற கேம் கம்பெனிக்கு நிர்வாக அதிகாரியாகப் போனேன். செல்போனில் விளையாடுகிற கேம் செய்கிற கம்பெனி. மொத்தம் இருபத்திரண்டு பேர். எம்.டி. சூரியபிரகாஷுக்கு முப்பத்து நாலு வயசு, பெங்களூரில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

“சார், இங்க ஒருத்தனுக்கொருத்தன் டேய் மாப்ளன்னுதான் கூப்புட்டுக்கிறானுக. டிசிப்ளினே இல்ல. இத ஒரு ஆபீஸ் மாதிரி ஆக்கிக் குடுங்க” என்றார்.

ஆக்கிக் கொடுத்தேன். முதல் மாதம் தாமத வருகைப் பதிவேடு. இரண்டாம் மாதம் வெளியே செல்வோர் பதிவேடு. மூன்றாம் மாதம் கழிவறைப் பதிவேடு. அதை மட்டும், பேனா நனைகிறது என்று எம்.டி. எடுக்கச் சொல்லிவிட்டார்.

எங்கள் கேமின் பெயர் ‘ஏறுங்கண்ணே’. விளையாடுகிறவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒத்தக்கடையில் ஆள் ஏற்றிக்கொண்டுபோய் கோரிப்பாளையத்தில் இறக்க வேண்டும். மூன்று பேர் உட்கார்கிற இடத்தில் எட்டுப் பேரை ஏற்றினால் கூடுதல் பாயிண்ட். பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்துவிடும். அப்போது திரையின் அடியில் மஞ்சளாக ‘பெட்ரோல் போடு’ என்று ஒரு பட்டன் வரும். அதை அமுக்கிக் காசு கட்டினால் வண்டி உடனே கிளம்பும். காசு கட்ட மனசில்லாதவர் ரோட்டோரமாக நாற்பது நிமிஷம் நின்றால், பெட்ரோல் தானாகக் கொஞ்சம் ஊறும். எங்கள் கம்பெனியின் மொத்த வருமானமும் அந்த மஞ்சள் பட்டன்தான்.

வண்டியில் ஏறுகிறவர்கள் சும்மா வரமாட்டார்கள். பேசிக்கொண்டே வருவார்கள். அந்தப் பேச்சை எழுதத்தான் இரண்டு எழுத்தாளர்கள். ஒருத்தன் அழகுபாண்டி, வாடிப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். இன்னொருத்தி ஆனிமேரி. என் மனைவியின் தங்கை. இதை நான் மறைக்கவில்லை, பணிப் பதிவேட்டிலேயே குறித்திருக்கிறேன்.

ஆனிமேரி பதினொரு வருஷம் தற்காலிகத் தமிழ் டீச்சராக இருந்தவள். புருஷன் தவறிவிட்டார். மகள் ரூத் நர்சிங் இரண்டாம் வருஷம். “தற்காலிகமாவே தலை நரைச்சிரும்மா, இங்க வா, பி.எஃப். உண்டு” என்று அந்த வேலையை விடச் சொன்னது நான்தான். என் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டு வந்தாள். இந்தச் சம்பளத்தில்தான் அந்தப் பிள்ளை படிக்கிறது.

அவர்கள் எழுதியது நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பொம்பளை கோழியோடு ஏறுவாள். “இந்தக் கோழிக்குக் காசு கேக்காதீங்கண்ணே, அது திரும்பி வராது” என்பாள். அதைக் கேட்கவே சார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் விளையாடினார்கள். அடுத்தது யார் ஏறுவார்கள் என்று பார்க்கிற அவசரத்தில் மஞ்சள் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எம்.டி.க்குப் பிறந்தநாள் வந்தது.

நம்ம ஊரில் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்து, பேனர் வைக்கவில்லை என்றால் அவர் பிறந்ததற்கே ஆதாரம் இல்லை. எங்கள் விளம்பரப் பிரிவுத் தலைவர் முத்துப்பாண்டி, எம்.டி.யின் மாமன் மகன். முன்னால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தவர். “ரோட்டுல வச்சா கேஸு, போலீசுன்னு தொல்ல. கேமுக்குள்ளயே வச்சிருவோம் மாப்ள, எவன் வந்து அவுக்கிறான்னு பாப்போம்” என்றார்.

வைத்தார். நடுவில் எம்.டி., கறுப்புக் கண்ணாடி, காதில் போன், இருபக்கமும் புலி. கீழே இரண்டு வரிசையில் எங்கள் எல்லோருடைய முகமும். இடம் போதாததால் எழுத்தாளர் இருவர் முகம் மட்டும் விடுபட்டது. பேனரில் இருந்த வாசகத்தை எழுதியது ஆனிமேரிதான், ஆகையால் அவள் மனசு கோணமாட்டாள் என்று முத்துப்பாண்டி கருதினார்.

இரண்டாவது வரிசையில் மூன்றாவது முகம் என்னுடையது. நான் ஓய்வு பெற்ற அன்றைக்குக்கூட என் படத்தை யாரும் எங்கேயும் போட்டதில்லை. ஐரின் அதை அவள் சொந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அம்புட்டு சந்தோஷமாக இருந்தது.

பிறந்தநாள் முடிந்தது. பேனர் அப்படியே இருந்தது. ரோட்டில் வைத்த பேனரைக் காற்று கிழிக்கும், கார்ப்பரேஷன் அவிழ்க்கும். போனுக்குள் காற்றடிக்காது. எம்.டி. முகத்தை எடுங்கள் என்று எம்.டி.யிடமே போய்ச் சொல்கிற அளவுக்கு யாருக்கும் அங்கே வேலை சலித்துப்போகவில்லை.

மறுமாதம் வருமானம் பாதியானது. அதற்கடுத்த மாதம் பாதியில் பாதி.

கேமுக்கு புரோகிராம் எழுதுகிற திவ்யா என் மேஜைக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“சார், அந்த பேனரு பெட்ரோல் பட்டனுக்கு மேல உக்காந்துருக்கு. பட்டனே தெரியல சார். எடம் பழகுன பழைய ஆளுக மட்டும்தான் தடவித் தடவி அமுக்குறாங்க.”

“எம்.டி.கிட்ட சொன்னியா?”

“நான் எப்புடி சார் சொல்றது? நீங்க பெரியவங்க, சொல்லுங்க.”

“உரிய வழியில் மனு குடும்மா, பரிசீலிப்போம்” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கம்ப்யூட்டரில் என் இன்னொரு முகத்தைப் பார்த்தாள், போய்விட்டாள்.

வருமான வீழ்ச்சிக்குக் காரணம் கண்டறியும் குழு அமைக்கப்பட்டது. தலைவர் முத்துப்பாண்டி. உறுப்பினர் திவ்யா. உறுப்பினர் செயலர் நான். மூன்று பேர் முகமும் பேனரில் இருந்தது. இது தற்செயல்.

முதல் கூட்டத்தில் திவ்யா ஒரு தாளை வாசித்தாள். பெட்ரோல் தீர்ந்து நிற்கிற ஆட்டோவில், விளையாடுகிறவர் சராசரியாக நாற்பது நிமிஷமும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

“நின்ன வண்டியில எதுக்குய்யா உக்காந்துருக்கான்?” என்றார் முத்துப்பாண்டி.

“பயணிகள் பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்காங்க சார்.”

“அப்ப பேச்சு நல்லாருக்கு.”

“ரொம்ப நல்லாருக்கு சார்.”

“பேச்சு நல்லாருந்தா வண்டி நின்னாலும் அவனுக்கு கவல இல்ல. கவல இல்லேன்னா எதுக்கு பெட்ரோல் போடுறான்?” முத்துப்பாண்டி மேஜையைத் தட்டினார். “சிக்கிட்டானுக! வருமானம் விழுந்ததுக்குக் காரணம் எழுத்தாளருக!”

திவ்யா, “இல்ல சார், பெட்ரோல் போடணும்னு நெனச்சாலும்...” என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தாள். நான் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தைப் பார்த்தேன். ‘விரிவாக விவாதிக்கப்பட்டது’ என்று எழுதினேன்.

உடனே ஓர் உத்தரவு போட்டோம். இனி எந்தப் பயணியும் பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் பேசக் கூடாது.

“அண்ணே, நம்மூருக்காரன் பன்னெண்டு வார்த்தையில ஆட்டோவுக்கு வாடகையே பேசி முடிக்க மாட்டாண்ணே” என்றான் அழகுபாண்டி. உத்தரவு உத்தரவுதான் என்றேன்.

பயணிகள் பன்னிரண்டாவது வார்த்தையில் வாயை மூடிக்கொண்டார்கள். “எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு ராத்திரி அந்தப் பெட்டியத் தொறந்து பாத்தாரு பாருங்க, உள்ளுக்குள்ள என்ன இருந்துச்சுன்னா” என்று சொல்லிவிட்டு ஒரு பொம்பளை சும்மா இருந்துவிட்டாள். அவ்வளவுதான். உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள உலகம் முழுக்க ஆட்டோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பது நிமிஷம் எண்பது நிமிஷமானது.

இரண்டாவது உத்தரவு. பெட்ரோல் போடச் சொல்லிப் பயணிகளே வற்புறுத்த வேண்டும். அழகுபாண்டி அதையும் எழுதினான். “யோவ் டிரைவரு, பெட்ரோலப் போடுய்யா! மண்டபத்துல கடைசிப் பந்தி எந்திரிச்சிரும்!” என்று ஆட்டோவே கத்தியது.

அந்த வாரம் நூற்றுக்கணக்கில் கடிதம் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. ‘எங்கய்யா போடுறது?’

குழு அதைக் கவனமாக ஆராய்ந்தது.

“எங்க போடுறதுன்னு கேக்குறான். பாத்தீங்களா?” என்றார் முத்துப்பாண்டி. “சாதாரண ஆளு கேக்குற கேள்வியா இது? இவனுக எழுதி எழுதி, சும்மா இருந்த ஜனத்த தத்துவத்துக்குள்ள எறக்கி விட்டுட்டானுக!”

நடவடிக்கைப் புத்தகத்தில் அதையும் எழுதினேன். ‘விளையாட்டாளர்களிடையே தத்துவ நாட்டம் அதிகரித்துள்ளமை குழுவின் கவனத்துக்கு வந்தது.’

எம்.டி. அறிக்கையை வாசித்துவிட்டு, எழுத்தாளர் இருவருக்கும் விளக்கம் கோரிக் குறிப்பாணை கொடுக்கச் சொன்னார். எழுதியவன் நான். ‘தாங்கள் அளவுக்கு மீறி நன்றாக எழுதி, விளையாட்டாளர்களை நகரவிடாமல் உட்கார வைத்து, அதன் மூலம் நிறுவனத்துக்கு இழப்பு ஏற்படுத்தியமைக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’ ஒரு பிழை இல்லை. யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ஆனிமேரி வீட்டுக்கு வந்தாள். கையில் மெமோ.

“அத்தான், இத நீங்கதான எழுதுனீங்க?”

“நிர்வாகம் எழுதுச்சு.”

“நல்லா எழுதுனது குத்தம்னு போட்டிருக்கு.”

“அளவுக்கு மீறின்னு போட்டிருக்கேம்மா. அத விட்டுட்டுப் படிக்காத.”

அவள் உட்காரவில்லை. “திவ்யா எல்லாம் சொல்லிருச்சு அத்தான். அந்த பேனர எடுத்தாப் போதும். நீங்க எம்.டி.கிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. வேல போச்சுன்னா ரூத்துக்கு அடுத்த டேர்ம் ஃபீஸ் கட்ட முடியாது. ஒங்கள நம்பித்தான அந்த டீச்சர் வேலைய விட்டேன்?”

அடுப்படியிலிருந்து ஐரின் வந்து நின்றாள். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பேனரை எடுக்கச் சொன்னால் முதலில் எம்.டி. முகம் போகும், அதோடு முத்துப்பாண்டி முகம் போகும், அதோடு என் முகமும் போகும். அறுபது வயசில் ஒரு மனுஷனுக்குக் கிடைத்த முகம்.

“எதையும் எழுத்து மூலமாக் குடு ஆனி. முறைப்படி பாப்போம்” என்றேன்.

கொடுத்தாள். ஒரே ஒரு வரி. ‘பெட்ரோல் பட்டனைப் பிறந்தநாள் பேனர் மறைத்துக்கொண்டிருக்கிறது.’

எம்.டி. அதை வாசித்தார். குழுவை நிமிர்ந்து பார்த்தார். “என் மூஞ்சியாலதான் வருமானம் விழுகுதுன்னு எழுதியிருக்காங்களா?”

“மாப்ள, கொழுப்பப் பாத்தீங்களா!” என்றார் முத்துப்பாண்டி.

“சார், அந்த பட்டன ஒரு தடவ...” என்றாள் திவ்யா.

“நீங்க சொல்லுங்க சார். நீங்க அனுபவசாலி” என்று எம்.டி. என்னிடம் திரும்பினார்.

ஒரு வார்த்தைதான். ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: “விளக்கம் திருப்திகரமாக இல்லை சார்.”

அன்றைக்கே பணிநீக்க உத்தரவு எழுதினேன். எதையும் ஓட்டை இல்லாமல் எழுதுகிறவன் என்பதால் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். ‘மேற்படி இருவர் எழுதிய அனைத்தும் விளையாட்டிலிருந்து உடனடியாக நீக்கப்படும்.’ எம்.டி. கையெழுத்துப் போட்டார்.

அழகுபாண்டி, “வாரேண்ணே” என்று சிரித்துவிட்டுப் போனான். ஆனிமேரி மேஜையைத் துடைத்து, சாவியை என்னிடம் கொடுத்து, பதிவேட்டில் வெளியே சென்ற நேரத்தையும் எழுதிவிட்டுப் போனாள். அத்தான் என்று கூப்பிடவில்லை. சார் என்றாள்.

திவ்யா உத்தரவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“சார், அனைத்தும்னா அனைத்துமா?”

“உத்தரவுல என்ன இருக்கோ அது.”

“சரி சார்” என்றாள். ஆட்டோவில் ஏறுகிற அத்தனை பேர் பேச்சையும் எடுத்தாள். பேனரில் இருந்த வாசகமும் ஆனிமேரி எழுதியதுதானே? பேனரையும் எடுத்தாள். எம்.டி. கையெழுத்துப் போட்ட உத்தரவு. எம்.டி.யே ஒன்றும் கேட்க முடியாது.

மறுநாள் வருமானம் ஆறு மடங்கானது.

மூன்று மாதமாகப் பெட்ரோல் இல்லாமல் நின்ற ஆட்டோக்காரர்கள் எல்லாரும் மஞ்சள் பட்டனைக் கண்டதும் பாய்ந்துவிட்டார்கள். எம்.டி. ஆபீஸ் முழுக்க ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். “எழுத்தாளர எடுத்தோம், வருமானம் ஏறிருச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?” என்று முத்துப்பாண்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திவ்யா, “பட்டன் தெரியுதுல்ல சார்” என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. எனக்குக் கேட்டது. ஆனால் முடிந்த கோப்பைத் திரும்பத் திறப்பதற்கு நடைமுறை கிடையாது.

ரூத் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள் என்று ஐரின் சொன்னாள். அன்றைக்கு என்னிடம் அவள் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். சோறு இறங்கவில்லை. இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வருமான ஏற்றம் இரண்டு வாரம் நீடித்தது. பெட்ரோல் இருந்தது, வண்டி ஓடியது, எட்டுப் பேர் ஏறினார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்து வந்து இறங்கிப் போனார்கள். சார்ஜாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: ‘அண்ணே, இங்க என் ரூம்லயும் எட்டுப் பேரு இருக்கோம், யாரும் பேசிக்கிறதில்ல. இதுக்கு நான் எதுக்குக் காசு குடுத்து ஆட்டோ ஓட்டணும்?’ அதற்கடுத்த வாரம் அவரும் போய்விட்டார். எல்லாரும் போய்விட்டார்கள்.

குழு மறுபடி கூடியது. எம்.டி. முகம் வாடியிருந்தது.

“எழுத்தாளரே இல்ல. அப்புறம் எப்புடி மாப்ள விழுகுது?”

முத்துப்பாண்டி ரொம்ப நேரம் யோசித்தார். “எழுத்தாளர் இல்லாமயே விழுகுதுன்னா, ஆபீஸுக்குள்ள இன்னும் எவனோ எழுதிக்கிட்டு இருக்கான்னு அர்த்தம்.”

எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். பேனா என் கையில்தான் இருந்தது. என் அலமாரியைத் திறக்கச் சொன்னார்கள். எட்டு மாதத்தில் இருநூற்றுப் பதினாலு சுற்றறிக்கை, நாற்பது நினைவூட்டு, ஆறு பதிவேடு.

“சார், அம்புட்டும் நீங்களா எழுதுனீங்க?” என்றார் எம்.டி.

“ஆமா சார். ஒரு பிழை இருக்காது” என்றேன். இந்தப் பதிலை நான் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

“அப்ப சாருக்கும் முறைப்படி ஒரு மெமோ குடுத்துருவோம் மாப்ள” என்றார் முத்துப்பாண்டி.

“குடுக்கலாம். யாரு எழுதுறது?”

ஒருவருக்கும் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது.

“சார், தப்பா நெனக்காதீங்க” என்றார் எம்.டி. “நீங்களே எழுதிக் குடுத்துருங்க.”

உட்கார்ந்து எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதியதிலேயே நல்ல குறிப்பாணை அதுதான் என்று சொல்வேன். பட்டன் தெரியாதது எனக்கு எந்தத் தேதியில் தெரியும், கேட்ட இடத்தில் நான் என்ன பதில் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு பொம்பளை மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி நின்றாள், அந்தப் பிள்ளை இன்றைக்கு எங்கே நிற்கிறது, ஒன்று விடாமல் எழுதினேன். எழுத எழுதக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினோரு பக்கம் ஆனது.

எம்.டி. வாங்கிப் படித்தார். முத்துப்பாண்டி அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். டீ வந்தது, ஆறியது. எம்.டி. கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டுத் திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார். ஒரு கட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. இப்போதாவது ஆனிமேரியைக் கூப்பிட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

“அருமை சார்” என்றார் எம்.டி. “என்னா எழுத்து! கீழ வைக்கவே மனசு வரல. மாப்ள, மணி என்ன?”

முத்துப்பாண்டி பார்த்தார். “ஒக்காந்து ஒரு மணி நேரம் ஆச்சு மாப்ள. ரெண்டு பேரும் அசையவே இல்ல.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். எம்.டி. அந்தப் பதினோரு பக்கத்தை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

“அடியில ஒரு வரி சேத்துருங்க சார். குற்றம் நிரூபணமானதுன்னு.”

சேர்த்தேன்.